தாளோடு பொய்யும் போகட்டும்!

"இனிமேல் காகிதம் வேண்டாம்!"

தொழிற்சாலைகளில் இன்று எங்கும் இந்தப் பேச்சுத்தான். தாம்பரம் முதல் மறைமலை நகர் வரை, ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கங்களிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. சரக்கின் தரத்தைச் சோதிக்கும் பரிசோதகரின் கையில் நேற்று வரை ஓர் அட்டை இருந்தது. அதில் செருகிய தாள் இருந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது. இன்று அந்த இடத்துக்கு டேப்லெட் வருகிறது. அளவை அதில் தட்டினால் போதும். கணக்குத் தானே ஆபீசுக்குப் போய்விடுகிறது.

இந்த மாறுதலை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. தாள் போகிறது, சரி. அந்தத் தாளில் எழுதப்பட்டு வந்த பொய்யும் கூடவே போகுமா?

"தொழிற்சாலைக்கு உள்ளே நடக்கிற காரியம், நமக்கென்ன?" என்று வாசகர்கள் இருந்துவிடக் கூடாது. நாம் ஓட்டும் ஸ்கூட்டரின் பிரேக், குழந்தைக்குக் கொடுக்கும் இருமல் மருந்து, கண்ணில் விடும் சொட்டு மருந்து எல்லாம், யாரோ ஒரு பரிசோதகர் "சரி" என்று குறித்த பிறகே நம் வீட்டுக்கு வருகின்றன. அந்தச் "சரி" உண்மையான சரிதானா என்பது நம் உயிரைப் பற்றிய விஷயம்.

பழகிய கைகள்

இந்த வட்டாரம் தொழிலுக்குப் புதியது அல்ல. 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை ஏற்பட்டது. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி கார் செய்தது; 1980-களின் கடைசியில் அது மூடப்பட்டது. 1984-ல் தாம்பரத்தில் ஏற்றுமதித் தொழில் வளாகம் தொடங்கியது. "மெப்ஸ்" என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி 1990-களில் வந்தது. 2022-ல் கார் செய்வதை நிறுத்தியது.

கம்பெனிகள் வந்தன. சில போய்விட்டன. ஆனால் வெர்னியரும் மைக்ராமீட்டரும் பிடித்துப் பழகிய கைகள் இங்கேயே இருக்கின்றன. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் குடியிருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த வேலைதான் சோறு போடுகிறது. ஆகவே இந்த மாறுதலை முதலாளிகளின் லாபக் கணக்காக மட்டும் பார்க்க முடியாது.

தாளில் நடப்பது என்ன?

ஓர் உதாரணம் சொல்லுவோம். ஒரு லேத்தில் இரும்புத் தண்டு கடைகிறார்கள். அதன் பருமன் 25 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 0.02 மில்லிமீட்டர் கூடலாம், அல்லது குறையலாம். இது தலைமயிரின் பருமனைவிடக் குறைவான அளவு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் ஆக வேண்டும்.

மணிக்கு ஐந்து தண்டுகளை எடுத்து அளந்து எழுத வேண்டும் என்பது விதி. யந்திரம் நிமிஷத்துக்கு ஒரு தண்டு கடைந்தால், எட்டு மணி நேர ஷிப்டில் 480 தண்டுகள் விழும். பரிசோதகர் தாளில் 40 எண்கள் இருக்கும்.

கடையக் கடைய உளி தேயும். உளி தேயத் தேயத் தண்டு பருத்துக்கொண்டே போகும். எண்களை வரிசையாகப் பார்த்து வந்தால், "இன்னும் அரை மணியில் எல்லை தாண்டிவிடும். உளியை மாற்று" என்று முன்னதாகவே சொல்லிவிடலாம். பரிசோதனையின் பிரயோஜனமே அதுதான். கெட்ட சாமானைப் பொறுக்கி எறிவது இரண்டாவது வேலை. கெடாமல் தடுப்பதே முதல் வேலை.

ஆனால் தாள் என்ன செய்கிறது? ஷிப்டு முடியும் வரை அட்டையிலேயே கிடக்கிறது. மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகிறது. அங்கே ஒருவர் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். அவர் ஏற்றி முடிப்பதற்குள் கெட்ட தண்டுகள் லாரி ஏறிப் போயிருக்கும்.

தாமதம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. தொழிற்சாலைகளை அறிந்தவர்களுக்கு இது தெரியும். ஷிப்டு முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எட்டு மணி நேரத்துக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுகிறார்கள்! ஒரே மை. ஒரே சாய்வு. 25.00, 25.01, 25.00 என்று அழகான எண்கள். அளந்து எழுதியவை அல்ல, நினைத்து எழுதியவை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதேதான்.

இதற்குப் பரிசோதகரை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் அல்ல. ஒருவர் தலையில் நான்கு யந்திரங்களைக் கட்டிவிட்டு, மணிக்கு ஐந்து என்று விதியும் போட்டால், அவர் என்ன செய்வார்? கையால் முடியாததைப் பேனா முடித்து வைக்கிறது.

தாளுக்கு நீரும் எதிரி. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு வெள்ளம் புகுந்தால், பல வருஷத்து ரிஜிஸ்தர்கள் ஒரே இரவில் கூழாகிவிடும்.

திரையால் வரும் நன்மை

இந்தக் குறைகளில் பலவற்றைத் திரை தீர்க்கும் என்பதில் சந்தேகம் இல்லை.

அளவு காட்டும் வெர்னியரே எண்ணை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வசதி வந்துவிட்டது. நடுவில் கை எழுத வேண்டியதில்லை. எந்த நிமிஷத்தில் அளந்தது, எந்தக் கருவியால் அளந்தது, யார் அளந்தது என்பதெல்லாம் கூடவே பதிவாகும். பத்து மணிக் கட்டத்தை மாலை ஐந்து மணிக்கு நிரப்பினால், "ஐந்து மணி" என்றே காட்டிக் கொடுத்துவிடும். எண்கள் எல்லையை நோக்கி நகர ஆரம்பித்தாலே மணி அடிக்கும்.

இந்த யோசனை கம்ப்யூட்டரோடு பிறந்தது அல்ல. 1924-ல் அமெரிக்க டெலிபோன் தொழிலில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் என்பவர், அளவுகளைப் புள்ளிகளாக வைத்து, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டுப் பார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். புள்ளிகள் கோட்டைத் தாண்டினால் யந்திரத்தில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நம் நாட்டுப் புள்ளிவிவர மேதை மகலநோபிஸ் அவரை அழைத்தார். 1947-ம் வருஷக் கடைசியில் இந்தியாவுக்கு வந்த ஷூவார்ட், சில மாதங்கள் இங்கே தங்கி இந்த முறையை விளக்கினார்.

நம் சென்னையிலேயே இந்த வழியில் பேர் எடுத்தவர்கள் உண்டு. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு, 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் கம்பெனி அதுதான். இன்றைய டேப்லெட்டுகள் அன்று கிடையாது! தரத்துக்கு முதல் காரணம் கருவி அல்ல, பழக்கம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

திருப்போரூர் தந்த பாடம்

பதிவு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே திருப்போரூரில் குளோபல் பார்மா என்ற மருந்துக் கம்பெனி இருக்கிறது. அது தயாரித்த கண் சொட்டு மருந்து அமெரிக்காவில் விற்பனையானது. 2023 தொடக்கத்தில் அது பெரிய செய்தியானது. அந்த ஜனவரியில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அந்தக் கம்பெனியின் சரக்குக்குத் தடை போட்டது. தடைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தயாரிப்புப் பதிவுகளைக் கேட்டோம். போதுமான பதில் வரவில்லை என்பதே அது!

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, கண் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்ட அந்தக் கிருமித் தொற்று 81 பேரைத் தாக்கியது. 14 பேருக்குப் பார்வை பாதித்தது. வேறு நால்வருக்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது. நான்கு பேர் மாண்டனர்.

தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோ, தான் எடுத்துச் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று சொன்னது. அமெரிக்க அதிகாரிகள் நேரில் வந்து தொழிற்சாலையைப் பார்த்து, 11 குறைகளை எழுதிவிட்டுப் போனார்கள். இப்படி ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் வேறு சொல்லும்போது, நடுநின்று சாட்சி சொல்ல வேண்டியது எது? அன்றாடம் எழுதிய பதிவுதான். எந்த நாளில் யார் எதைச் சோதித்தார்கள் என்று அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் பேச வேண்டும். பதிவு பேசாவிட்டால், தவறு செய்யாதவனும் தப்ப முடியாது.

2025-ல் நடந்தது இன்னும் கொடுமை. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் கம்பெனியின் "கோல்ட்ரிப்" இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. தமிழக அரசு சோதித்த ஒரு பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அக்டோபரில் கம்பெனியின் லைசென்ஸ் ரத்தாயிற்று.

கலக்கும் பொருளையும், கலந்து முடித்த மருந்தையும் ஒழுங்காகச் சோதித்திருந்தால், இவ்வளவு விஷம் அன்றே தெரிந்திருக்கும். அந்த ஒரு சோதனை எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கும்! செய்யாத சோதனைக்குத் தாளாலும் பயன் இல்லை. திரையாலும் பயன் இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். "மூலப்பொருளின் சோதனை முடிவு வராமல் அடுத்த கட்டம் திறக்காது" என்று கம்ப்யூட்டரில் பூட்டுப் போடலாம். நல்ல திரையின் உண்மையான பலம் அந்தப் பூட்டுத்தான்.

தாளும் பொய் சொல்லும். திரையும் பொய் சொல்லும்

2022-ம் வருஷக் கடைசியில் குஜராத்தில் சாணந்த் என்ற இடத்தில், இன்டாஸ் கம்பெனியின் மருந்துத் தொழிற்சாலையை அமெரிக்க அதிகாரிகள் சோதிக்க வந்தார்கள். கிழித்த தாள்கள் நிறைந்த பிளாஸ்டிக் பைகளை ஒரு லாரியில் கண்டார்கள். ஆய்வுக்கூடத்துக் குப்பைப் பையில் கிடந்த தாள்களின் மேல் அமிலம் ஊற்றப்பட்டிருந்ததையும் அறிக்கையில் எழுதினார்கள். அங்கே உற்பத்தி நின்றது. அதன் பின் 2023-ல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. தாள் கிழிந்தால் எங்கோ ஒரு நோயாளிக்கு மருந்து நிற்கிறது!

"அதனால்தான் தாள் வேண்டாம் என்கிறோம்" என்பார்கள் சிலர். அவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். கம்ப்யூட்டருக்குப் பஞ்சம் உள்ள நாடா அது? 2017-ல் கோபே ஸ்டீல் என்ற பெரிய கம்பெனி, அலுமினிய, செப்புச் சரக்குகளின் பலத்தையும் அளவையும் பற்றிய விவரங்களை மாற்றி எழுதியதாக ஒப்புக்கொண்டது. அந்தச் சரக்கு 500-க்கும் அதிகமான கம்பெனிகளுக்குப் போயிருந்தது. தரத்துக்குப் பேர்போன நாட்டிலேயே இது நடந்தது.

பேனாவால் சொன்ன பொய்யை விரலாலும் சொல்லலாம். வழிகளும் பல. போன மணியின் எண்களை அப்படியே "காப்பி" செய்யும் ஒரு பொத்தானை வைத்துவிட்டால், நாற்பது கட்டங்களை நாற்பது நொடியில் நிரப்பிவிடலாம். ஒரே பாஸ்வேர்டை ஷிப்டு முழுவதும் பத்துப் பேர் உபயோகித்தால், யார் அளந்தார் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைத் தடயமில்லாமல் எழுத மேலதிகாரிக்கு மட்டும் வசதி இருந்தால், அது தாளைவிட ஆபத்து.

தாளுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தவறாக எழுதியதைத் திருத்த வேண்டுமானால், மேலே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். அடித்த எண் அடியில் தெரியும். சுரண்டி அழித்தால் சுரண்டிய இடமும் தெரியும். திரையில் அழித்தால் ஒன்றும் தெரியாது. தெரியும்படி நாம் அமைத்தால்தான் தெரியும். கம்ப்யூட்டரில் வைக்கும் மருந்துப் பதிவுகளுக்கு, மாறுதலின் தடயம் அழியாமல் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1997-லேயே விதி செய்துவிட்டது. நம் நாட்டிலும் 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுக்குச் சட்ட மதிப்புக் கொடுத்திருக்கிறது. மதிப்பைக் கொடுத்த பிறகு, அந்த மதிப்புக்கு ஏற்ற நேர்மையும் அதில் இருக்க வேண்டும் அல்லவா?

பரிசோதகர் என்ன ஆவார்?

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். இருபது வருஷம் கேஜ் பிடித்தவருக்குத் தண்டைக் கையில் எடுத்ததும் கோளாறு தெரியும். லேத்தின் சத்தம் மாறினாலே அவர் காது சொல்லிவிடும். அவருக்கு இங்கிலீஷ் திரை பழக்கம் இல்லை என்பதற்காக, "நீங்கள் வேண்டாம்" என்று அனுப்பினால் நஷ்டம் யாருக்கு? கம்பெனிக்குத்தான். எழுத்து பெரிதாக, தமிழில், விரலுக்கு வசதியாகத் திரை அமைப்பது ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லை. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வேறொரு பயமும் தொழிலாளர்களுக்கு இருக்கிறது. சரக்கை அளக்க வந்த திரை, ஆளை அளக்க ஆரம்பித்துவிடுமோ என்ற பயம் அது. "இந்தப் பரிசோதகர் ஒரு சாமானுக்கு எத்தனை நொடி எடுத்தார்? இந்த மாதம் எத்தனை சாமானைக் கழித்தார்?" என்று கணக்கு எடுத்து, அதை வைத்து மிரட்ட ஆரம்பித்தால், முடிவு என்ன? திரைக்குப் பிடித்த எண்ணைப் பரிசோதகர் தட்டுவார். லேத்துக்குத் தெரிந்த உண்மை ஆபீசுக்குத் தெரியாமல் போகும்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. டேப்லெட்டும் கொடுப்பார்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்று தாளையும் விடமாட்டார்கள். பரிசோதகர் இரண்டிலும் எழுத வேண்டும். வேலை இரட்டிப்பு, அளக்கும் நேரம் பாதி. பழகுவதற்குச் சில வாரங்கள் இரண்டும் இருக்கலாம். பிறகு ஒரு தேதி குறித்துத் தாளை நிறுத்தத்தான் வேண்டும். மின்சாரம் போனால் உபயோகிக்க ஒரு கட்டுத் தாள் அலமாரியில் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை

நிர்வாகிகளுக்கு நாம் சொல்வது இதுதான்.

அளந்த இடத்தில், அளந்த நிமிஷத்தில் பதிவு நடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்வேர்டு வேண்டும். எந்த எண்ணைத் திருத்தினாலும், பழைய எண்ணும் திருத்தியவர் பெயரும் காரணமும் நிற்க வேண்டும். முதலாளியே திருத்தினாலும் நிற்க வேண்டும். பதிவின் நகல் வெள்ளம் எட்டாத வேறோர் ஊரில் இருக்க வேண்டும். ஓர் ஆளால் உண்மையாக அளக்க முடிந்த அளவுக்கே வேலை கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்து பிரயோஜனம் இல்லை.

சிறு பட்டறைக்காரர்களின் நிலையும் தெரிந்ததே. ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் லட்சக்கணக்கில் சாப்ட்வேர் வாங்க முடியாது. வாங்க வேண்டியதும் இல்லை. ஒரு டிஜிட்டல் வெர்னியர், ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர், தினமும் பார்க்கும் பழக்கம் ஆகியவற்றோடு தொடங்கலாம். மத்திய அரசு 2022-ல் புதுப்பித்த "ஜெட்" தரச் சான்றிதழ்த் திட்டத்தில், சான்றிதழ்க் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதமும், சிறுதொழிலுக்கு 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. சான்றிதழுக்கு உதவி செய்தது போல, அளக்கும் கருவி வாங்கவும், அதைப் பரிசோதகர்களுக்குத் தமிழில் கற்றுக்கொடுக்கவும் சர்க்கார் உதவினால், கிண்டியிலும் தாம்பரத்திலும் உள்ள பட்டறைகள் பெரிய கம்பெனிகளுக்குத் தாமே பதில் சொல்லும் நிலைக்கு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பரிசோதகர் "கூடாது" என்றால் கூடாதுதான். கப்பல் காத்திருக்கிறது, வாடிக்கைக்காரர் அவசரப்படுகிறார், மாதக் கடைசி வந்துவிட்டது என்ற எந்தக் காரணத்துக்காகவும் அந்தச் சொல்லை மாற்றும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லாவிட்டால், தாளில் எழுதினாலும் திரையில் எழுதினாலும் அவர் குமாஸ்தாதான்.

ஒரு தொழிற்சாலையில் காகிதம் ஒழிந்ததா என்று பார்ப்பதற்கு முன், நாம் வேறொன்றைப் பார்ப்போம். பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், "இது சரியில்லை" என்று திரையில் தட்டுகிறாள். அந்த லாட் நிற்கிறதா? நின்றால், அதுதான் முன்னேற்றம். நிற்காவிட்டால், தாள் வாங்கும் செலவு மிச்சம். வேறு லாபம் ஒன்றும் இல்லை!